ஸ்டிஃபாடோ

கிரேக்கத்திலும் சைப்ரஸிலும் குளிர்கால வீட்டுச் சமையலில் முக்கிய இடம் பெறும் குழம்பு ஸ்டிஃபாடோ. மாட்டிறைச்சி, வீட்டு முயல், காட்டு முயல் இவற்றில் ஒன்றை, ஏறக்குறைய அதே எடையுள்ள உரித்த முழுச் சின்ன வெங்காயத்தோடு சேர்த்து, மூடிய பாத்திரத்தில் சிறு தீயில் நெடுநேரம் வேகவைப்பார்கள். ஆலிவ் எண்ணெய், தக்காளி, சிவப்பு ஒயின், வினிகர், பட்டை, கிராம்பு, லாரல் இலை, மிளகைவிடச் சற்றுப் பெரிதான ஆல்ஸ்பைஸ் மணிகள் ஆகியவை உடன் சேரும்.

இதைப் பண்டைக் கிரேக்கர்களின் உணவு என்று சொல்வது பொருந்தாது. முயல்கறி அவர்களுக்கும் பிடித்ததுதான். ஆனால் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் உணவைப் பற்றிச் செய்யுள் எழுதிய ஆர்கெஸ்ட்ராடஸ், முயலைக் கம்பியில் வாட்டி, உப்பு மட்டும் தூவி, முழுதும் வேகுமுன் சுடச்சுடப் பரிமாற வேண்டும் என்றார். பாலாடைக்கட்டியும் எண்ணெயும் மிகுந்த சாறுகளை அதன்மேல் ஊற்றுவதை வெறுத்தார். பல மணி நேரம் மசாலாவில் ஊறி, குழைந்து வேகும் கறிக்கும் அந்தச் சுவைக்கும் வெகுதூரம்.

ஸ்டிஃபாடோவின் வரலாற்றை வெனிஸிலிருந்து தொடங்குவதே முறை. பெயர் இத்தாலிய வழி வந்தது. 1204இல் நான்காம் சிலுவைப்போர்ப் படை கான்ஸ்டான்டினோபிளைக் கைப்பற்றியபின் கிரீட் தீவு வெனிஸுக்குச் சேர்ந்தது. 1669 வரை அங்கே அதன் ஆட்சி நீடித்தது. கோர்ஃபு 1386 முதல் 1797 வரையிலும், சைப்ரஸ் 1489 முதல் 1571 வரையிலும் வெனிஸின் கையில் இருந்தன. அலெக்சாந்திரியாவில் நறுமணப் பொருள்களை வாங்கி ஐரோப்பாவுக்கு விற்றவர்கள் வெனிஸ் வணிகர்கள். இலங்கைப் பட்டையும் அவ்வழியே மேற்கே போனது. பட்டை மணக்கும் கறிக்குழம்பு இத்தீவுகளில் வேரூன்ற அந்த வணிகம் துணைநின்றிருக்க வேண்டும். கோர்ஃபுவின் பாஸ்டிட்சாடா என்னும் குழம்பிலும் இதே மணம் உண்டு. வெங்காயத்தோடு கறியை வேகவைக்கும் யாஹ்னி என்ற ஒட்டோமான் முறையும் கிரேக்க அடுப்பில் இடம்பிடித்திருந்ததால், எல்லாவற்றையும் வெனிஸின் கணக்கில் எழுதிவிட முடியாது.

இன்றைய குழம்பின் சிவப்பு மிகப் பிந்தியது. தக்காளி அமெரிக்கக் கண்டத்துப் பயிர். கிரேக்கச் சமையலில் அது பரவியது 19ஆம் நூற்றாண்டில்தான். ஆல்ஸ்பைஸும் கரீபியப் பகுதியிலிருந்து வந்ததே. தக்காளிக்கு முன் புளிப்பைத் தந்தவை ஒயினும் வினிகரும். சைப்ரஸ் ஸ்டிஃபாடோவில் இப்போதும் வினிகர் தூக்கலாக இருக்கும்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த மசாலா மணத்துக்கு எதிராகவே ஒரு குரல் எழுந்தது. சிஃப்னோஸ் தீவின் நிகோலாவோஸ் ட்செலெமென்டெஸ் (1878–1958) தம் நூல்கள் வழியே கிரேக்கச் சமையலைப் பிரெஞ்சு பாணிக்குத் திருப்ப முயன்றார். ஒட்டோமான் சாயலைக் களைய மசாலாவைக் குறைக்கச் சொன்னார். சமையல் புத்தகம் என்பதற்கே அவர் பெயர் வழங்கும் அளவுக்குச் செல்வாக்குப் பெற்றார். அப்படியிருந்தும் வீடுகள் ஸ்டிஃபாடோவின் பட்டையையும் கிராம்பையும் விட்டுவிடவில்லை. அந்தப் பிடிவாதம் போற்றத்தக்கது.

மாடு உழவுக்குத் தேவைப்பட்ட காலத்தில் வேட்டையில் கிடைத்த முயலே பானைக்கு வந்தது. மாட்டிறைச்சி பெருவழக்கானது அண்மையில்தான். ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் நோன்பு நாள்களில் இறைச்சியும் முதுகெலும்புள்ள மீனும் விலக்கு. ஆக்டோபஸுக்கு அந்தத் தடை இல்லாததால் ஆக்டோபஸ் ஸ்டிஃபாடோ உண்டு. கிரீட்டில் நத்தையிலும் செய்வார்கள். எதைப் போட்டாலும் வெங்காயமும் வினிகரும் மாறுவதில்லை. இக்குழம்புக்கு அடையாளம் தருபவை அவை இரண்டும்தான்.

சமைக்கும்போது கவனம் முழுதும் அந்த வெங்காயத்தின்மீதே இருக்கும். சுடுநீரில் சற்று ஊறவைத்தால் தோல் எளிதாக உரியும். வேர்ப்பகுதியை ஒட்ட வெட்டாமல் விட்டால்தான் இதழ்கள் பிரியாது. கறியைச் சிவக்க வறுத்து, ஒயினும் வினிகரும் ஊற்றி, பாதி வெந்தபின் எண்ணெயில் வதக்கிய வெங்காயத்தைச் சேர்ப்பார்கள். பிறகு கரண்டி போடுவதில்லை; பாத்திரத்தைப் பிடித்துக் குலுக்குவதோடு சரி. புளிப்பு, வெங்காயத்தின் செல்களைப் பிணைக்கும் பெக்டின் கரைவதைத் தாமதப்படுத்துவதால் அது நீண்ட வேக்காட்டிலும் உருக்குலையாது. அதே நேரத்தில் கறியின் கொலாஜன் ஜெலட்டினாக இளகிச் சாற்றைக் கெட்டியாக்கும்; மாவு சேர்க்கத் தேவையில்லை. கிரேக்க வீடுகளில் இதற்குத் துணை, சாற்றைத் துடைத்துத் தின்ன ரொட்டி. சில வீடுகளில் ஹிலோபிட்டெஸ் என்னும் சிறு சதுரப் பாஸ்தா.