திருவையாறு தியாகராஜர் ஆராதனை

தஞ்சாவூருக்கு அருகே காவிரிக்கரையில் ஆண்டுதோறும் நடக்கும் கர்நாடக இசை விழா. 1847 ஜனவரி 6 அன்று மறைந்த இசைமேதை தியாகராஜரின் நினைவாக, புஷ்ய பகுள பஞ்சமியை (புஷ்ய மாதத் தேய்பிறை ஐந்தாம் நாள்) ஒட்டி நடக்கிறது.

சிதைந்து கிடந்த அவரது சமாதியைச் சீடர் வழியினர் தேடிப் புதுப்பித்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆராதனை பெருவிழாவாக வளர்ந்தது. விரைவிலேயே பெரிய கட்சி, சின்னக் கட்சி என இரண்டாகவும் பிரிந்தது. இரண்டிலும் பெண்கள் பாட இடமில்லை. மைசூர்ச் சீமையின் நஞ்சன்கூட்டில் 1878-இல் பிறந்த பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் சொத்தைச் செலவிட்டுச் சமாதிக் கோயிலை எழுப்பினார். அதற்குக் குடமுழுக்கும் நடந்தது. கோயில் கட்டியவருக்கே அங்கே பாட அனுமதி இல்லை என்பது பெரும் அநீதி. அவர் பெண்களைத் திரட்டித் தனியாக ஆராதனை நடத்தினார். 1940-களின் தொடக்கத்தில் கட்சிகள் ஒன்றாயின. பெண்களும் சேர்ந்து பாடினர்.

பஞ்சமியன்று காலை, பாடிக்கொண்டே பிச்சை ஏற்கும் உஞ்சவிருத்தி ஊர்வலம் சமாதியை அடையும். பந்தலில் வித்வான்கள் எதிரெதிர் வரிசையாகத் தரையில் அமர்வார்கள். புல்லாங்குழல் தொடங்கிவைக்க, நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ராகங்களில் அமைந்த தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் ஒரே குரலாக எழும். அப்போதே சந்நிதியில் அபிஷேகமும் நடக்கும். புகழ்பெற்றவருக்கும் புதியவருக்கும் மேடையில் சில நிமிடங்களே, சன்மானம் கிடையாது. நாகரத்தினம்மாள் 1952-இல் மறைந்தார். அவர் சிலை சமாதியை நோக்கி அமைந்துள்ளது.