மிளகும் கணக்கும் சேர்த்த ராஜ்யம்

பள்ளிப்படிப்பைப் பிரெஞ்சு மொழியில் முடித்தவன் நான். சிறு பிரபுக்களை அடக்கி நாட்டை ஒன்றாக்கிய மன்னர் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது பதினோராம் லூயியைத்தான் (1461–1483). போரைவிடச் சூழ்ச்சியை நம்பியதால் அவருக்குச் 'சிலந்தி' என்று பட்டப்பெயர். நமக்குப் பக்கத்திலேயே அப்படி ஒருவர் இருந்ததை வேலைக்கு வந்த பிறகுதான் படித்தேன். திருவிதாங்கூரின் மார்த்தாண்ட வர்மாதான் அவர்.

1729-ல் பட்டத்துக்கு வந்தபோது அவர் கையில் இருந்தது வேணாடு என்ற சிறு நாடு. அதற்குள்ளும் அவர் சொல் எடுபடவில்லை. எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்ற நிலப்பிரபுக்கள் வைத்ததே சட்டம். மருமக்கள் வழி முறையால் பட்டம் கிடைக்காத முந்தைய மன்னரின் மகன்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். இளவரசராக இருந்தபோது அவர் பலாமரப் பொந்தில் ஒளிந்து உயிர் தப்பியதாக நெய்யாற்றின்கரையில் கதை உண்டு.

முதலில் உள்வீட்டுப் பகையை முடித்தார். பிறகு கொல்லம், கொட்டாரக்கரை, காயங்குளம், அம்பலப்புழை, தெக்கும்கூர், வடக்கும்கூர் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார். இந்தச் சிற்றரசர்களிடம் மிளகு வாங்கிவந்த டச்சுக்காரர்கள் குறுக்கே வந்தார்கள். 1741-ல் குளச்சலில் தோற்றார்கள். அங்கே பிடிபட்ட டிலனாய் என்ற அதிகாரியே பின்னாளில் மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுத்தார்.

எல்லோரும் குளச்சல் வெற்றியோடு நிறுத்திவிடுவார்கள். காலமெல்லாம் பதிவேடு எழுதிய எனக்குக் கண்ணில் படுவது வேறு. நிலங்களை அளந்து வரி விதித்தார்கள். மிளகை அரசுக்கு மட்டுமே விற்க வேண்டும் என்றார்கள். அந்தப் பணத்தில் நிலையான படைக்குச் சம்பளம் போனது. அதுவரை பிரபு கூப்பிட்டால்தான் வீரன் வருவான். இப்போது கஜானா சம்பளம் கொடுக்கிறது, அவன் பிரபுவை ஏன் பார்க்கப்போகிறான்? தளவாய் ராமய்யன் காலத்தில் ஆண்டு வரவு செலவுக்கே தனிக் கணக்கு ஏற்பட்டது.

1750 ஜனவரியில் நாட்டையே பத்மநாப சுவாமிக்கு எழுதிக்கொடுத்து, தாசனாக ஆண்டார். அது பக்தியும்தான், அரசியலும்தான். இனி மன்னரை எதிர்த்தால் சாமியை எதிர்த்ததாகும்.

இதற்கு விலையும் உண்டு. பிள்ளைமார் தலைவர்களைத் தூக்கிலிட்டார்கள், அவர்கள் வீடுகளை இடித்தார்கள். குடியானவனும் தப்பவில்லை. எங்கள் நாகலூரில் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏற்றியிருப்பவர்கள், விலை பிடிக்காவிட்டால் மூட்டையைக் கட்டிவைத்துக் காத்திருக்கலாம், வேறு வியாபாரியைத் தேடலாம். அன்றைய திருவிதாங்கூர்க்காரனுக்கு வாங்குபவர் ஒருவரே, விலை சொல்பவரும் அவரே.

1758-ல் மன்னர் மறைந்தார். அவர் சேர்த்த நாடு அதோடு சிதறவில்லை. 1949-ல் கொச்சியோடு இணையும்வரை தனி ராஜ்யமாகவே நின்றது. ஊர்களைப் பிடித்தது வாள் என்றாலும், பிரியாமல் வைத்தது கணக்குப்பிள்ளையின் எழுத்தாணி என்பதே என் எண்ணம்.

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிறவர்கள் பக்கத்திலுள்ள உதயகிரிக் கோட்டைக்கும் போய்வாருங்கள். டிலனாயின் கல்லறை அங்கேதான் இருக்கிறது.