கறள் தின்ற கார்களின் கரை

அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் 1960களின் தொடக்கத்திலேயே இலங்கையில் கார் இறக்குமதி சுருங்கிவிட்டது. 1970 முதல் 1977 வரையான ஆட்சியில் கதவு ஏறக்குறைய அடைபட்டது. புத்தளம், சிலாபம், கற்பிட்டிப் பக்கமும் மற்ற ஊர்களைப் போலவே மொரிஸ் மைனர், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் போன்ற பழைய பிரிட்டிஷ் கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. எஞ்சினில் தேய்ந்த பாகத்தை லேத் பட்டறையில் கடைந்தெடுக்கலாம். கறள் தின்ற தகரம்தான் பெரும்பாடு.

இது உப்பு விளைகிற கரை. கற்பிட்டித் தீபகற்பத்துக்கு ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் திறந்த கடல். தென்மேற்குப் பருவக்காற்று அலைத்தூறலை ஊருக்குள் அள்ளிவரும். காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினாலே சாதாரண உப்பு நீரை இழுத்துத் தானாகக் கரையத் தொடங்கும். ஆகவே ஓடாமல் கொட்டகைக்குள் நிற்கிற காரும் இரவில் உப்புநீரில் நனைகிறது. "அதிகம் ஓடாத கார்" என்பது இங்கே நற்சான்று ஆகாது.

மொரிஸ் மைனருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. அடித்தளமும் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி வடிவத் தகரமுமே பாரத்தைச் சுமக்கின்றன. அந்தப் பெட்டி உள்ளிருந்து வெளியே அரிக்கும். பட்டி பூசி, பெயின்ட் அடித்தால் கண்ணுக்குக் குறை தெரியாது. துணி சுற்றிய காந்தத்தை வைத்துப் பார்த்தால் தெரியும்: தகரம் இருக்கும் இடத்தில் ஒட்டும், பட்டி தடித்த இடத்தில் நழுவி விழும்.

1977இல் பொருளாதாரம் திறந்தபின் ஜப்பானிலிருந்து 'ரீகண்டிஷன்' வாகனங்கள் வந்து குவிந்தன. அவற்றிலும் உப்பு வந்தது. ஜப்பானின் வடக்கே பனி உறையும் வீதிகளில் உப்பைக் கொட்டுவார்கள். ஆணி பதித்த டயர்களுக்கு 1990இல் சட்டம் தடை கொண்டுவந்தபின் அந்தப் பழக்கம் இன்னும் கூடியது. ஹொக்கைடோவில் ஓடிய கார் நம் கடற்காற்றையும் சேர்த்துத் தாங்க வேண்டியிருந்தது.

கரையோரத்தில் வான் வாங்குபவர் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: அது மீன் ஏற்றியதா? ஐஸ் பெட்டியிலிருந்து ஒழுகும் உப்புநீர் விரிப்புக்கு அடியில் தேங்கும். சீட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் சீட் பெல்ட் பூட்டிய இடத்தையும் அது முதலில் அரிக்கும். விபத்தில் உயிர்காக்க வேண்டிய இடமே அதுதான்.

2020 மார்ச்சில் இறக்குமதி மறுபடி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டில் பழைய கார்களின் விலை தாறுமாறாக ஏறியது. ஓய்வு கொடுக்க வேண்டிய வண்டிகளும் புதுப் பெயின்டோடு சந்தைக்கு வந்தன. மைலேஜ் மீட்டரைப் பின்னால் சுற்றுவது, ஹைபிரிட் பற்றரியின் களைப்பை மறைப்பது எல்லாம் நாடு முழுவதற்கும் பொதுவான குறைகள். இந்தக் கரைக்கு உரிய குறை கறள்தான்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே வாகனத்தை சேர்விஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் உயர்த்தி, அடியில் நின்று பாருங்கள். ஸ்பெயார் சக்கரத்தைத் தூக்கி அதன் குழியைத் தடவுங்கள். சேசிஸ் இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். இலக்கம் கறளில் அழிந்திருந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் அந்த வாகனம் வேண்டாம்.