காமிக் கானுக்கு முதல் முறை போறீங்களா? இதைப் படிச்சுட்டுக் கிளம்புங்க

2011 பிப்ரவரியில் டெல்லியின் 'டில்லி ஹாட்' சந்தையில் தொடங்கியது காமிக் கான் இந்தியா. பிறகு மும்பை, பெங்களூரு, ஹைதராபாத் எனப் பரவி, 2024 பிப்ரவரியில் சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்கும் வந்தது. முதல் முறை போகிறவர்களுக்கு எழும் கேள்விகளும் பதில்களும் இங்கே.

அமெரிக்க காமிக் கானும் இதுவும் ஒன்றா?

இல்லை. 'கான்' என்பது கன்வென்ஷன் என்பதன் சுருக்கம், அவ்வளவுதான். 1970-ல் தொடங்கிய சான் டியேகோ காமிக் கானை நடத்துவது லாப நோக்கமற்ற அமைப்பு. இந்திய நிகழ்வை நடத்துவது தனி வணிக நிறுவனம். அதை 2024-ல் நாட்வின் கேமிங் வாங்கியது.

உள்ளே என்னதான் இருக்கு?

காமிக்ஸ் பதிப்பகங்கள், பொம்மை, டி-ஷர்ட் கடைகள், வீடியோ கேம் அரங்குகள், மேடை நிகழ்ச்சிகள், காஸ்பிளே போட்டி. இவற்றோடு, தாங்களே வரைந்ததை மேசை போட்டு விற்கும் சுயாதீன ஓவியர்களும் இருப்பார்கள். பிரபல கதாபாத்திரம் அச்சிட்ட டி-ஷர்ட் ஆன்லைனிலும் கிடைக்கும். ஆனால் வரைந்தவரே கையெழுத்துப் போட்டுத் தரும் புத்தகம் எங்கேயும் எளிதில் கிடைக்காது. அதனால் முதலில் ஒரு சுற்று சுற்றிப் பாருங்க, பிறகு காசை எடுங்க. மேசை வாடகை, அச்சுச் செலவு எல்லாம் பெரும்பாலும் அந்த ஓவியர்களின் கைக்காசு.

வேஷம் போட்டுத்தான் போகணுமா?

கட்டாயமில்லை. போட்டால், நிஜ ஆயுதமோ கூர்மையான உலோகமோ வேண்டாம். ஃபோம், அட்டை, தெர்மோகோல் போதும். டெல்லியில் மெட்ரோவில் வருவதாக இருந்தால், நுழைவாயிலில் சி.ஐ.எஸ்.எஃப். சோதனை உண்டு. அட்டைக் கத்தியே ஆனாலும் அங்கே விளக்கம் சொல்ல வேண்டி வரலாம். பிரித்து எடுத்துவந்து, அரங்கில் மாட்டிக்கொள்வது நல்லது.

காஸ்பிளே செய்தவரைப் படம் எடுக்கலாமா?

கேட்டுவிட்டு எடுக்கலாம். முதல் முறை போகிறவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். வேஷம் போட்டிருப்பவர் பொதுக் காட்சிப்பொருள் அல்ல. சாப்பிடும்போதும், உடையைச் சரிசெய்யும்போதும் கேமராவை நீட்டாதீங்க. தோளில் கை போடுவதற்கும் தனியாக அனுமதி கேளுங்க. இறக்கை, கவசம் போன்றவற்றைத் தொட்டுப் பார்க்காதீங்க. மாதக்கணக்கில் ஒட்டிச் செய்தது ஒரு நொடியில் பிய்ந்துவிடும். சிறுவர், சிறுமியர் என்றால் பெற்றோரிடமும் கேளுங்க. 'வேண்டாம்' என்றால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுங்க.

நியூயார்க் காமிக் கான் 2014-ல், 'காஸ்பிளே என்பது சம்மதம் அல்ல' என்ற பொருளில் அரங்கிலேயே பலகைகள் வைத்தது. பிரச்னை அந்த அளவுக்கு இருந்தது.

யாராவது அத்துமீறினால்?

'கூட்டத்துல தெரியாம பட்டிருக்கும்' என்று விட்டுவிட வேண்டாம். அருகிலுள்ள பாதுகாவலரிடமோ ஏற்பாட்டாளரிடமோ உடனே சொல்லுங்க. அவசர உதவிக்கு 112. பாலியல் சீண்டல், பாரதிய நியாய சன்ஹிதாவின் 75-வது பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம். நீங்கள் அணிந்திருந்த உடை அதை மாற்றாது.

கையில் என்ன இருக்கணும்?

நடந்து பழகிய செருப்பு அல்லது ஷூ, பவர் பேங்க், கொஞ்சம் ரொக்கம். கூட்டத்தில் நெட்வொர்க் திணறினால் யுபிஐ கைகொடுக்காது. டிக்கெட் நாள்வாரியாக விற்கப்படுவதால் தேதியைச் சரிபார்த்து வாங்குங்க. குழுவாகப் போனால், தொலைந்துபோனால் எங்கே சந்திப்பது என்பதை வாசலிலேயே பேசி வச்சுக்குங்க.