வழக்கிற்கும் வயதுண்டு

சென்னைக்குத் தெற்கே, கோவளத்தை அடுத்துள்ள முட்டுக்காட்டில் உப்பங்கழி ஒன்று கடலோடு கலக்கிறது. மழைக்காலத்தில் திறந்திருக்கும் அதன் முகத்துவாரம், கோடையில் மணல் சேர்ந்து அடைபடுவதுண்டு. அப்போது உள்ளே நீர் இருக்கும். கடலை அடையும் வழிதான் இராது. காலம் கடந்த கடனின் நிலையும் இத்தகையதே. கடன் இருக்கும்; நீதிமன்றத்தின் வாயில் அடைபட்டிருக்கும்.

இக்கருத்து நம் நாட்டுக்குப் புதிதன்று. தன் நிலத்தைப் பிறன் அனுபவிப்பதைக் கண்டும் உடையவன் 20 ஆண்டு வாளாவிருந்தால் அவன் உரிமை குன்றும் என்றும், பிற பொருள்களுக்கு அக்காலம் 10 ஆண்டு என்றும் யாக்ஞவல்கிய ஸ்மிருதி வகுத்தது. சிறுவர் சொத்து முதலியவற்றுக்கு விலக்களித்தது.

கம்பெனி ஆட்சியில் வேடிக்கையானதொரு நிலை நிலவியது. 1801ஆம் ஆண்டில் அமைந்த சென்னை சுப்ரீம் கோர்ட்டு, 1623ஆம் ஆண்டின் இங்கிலாந்துச் சட்டத்தைத் தழுவிச் சாதாரணக் கடனுக்கு 6 ஆண்டு தவணை அளித்தது. நகருக்கு வெளியே, முட்டுக்காடு உள்ளிட்ட செங்கற்பட்டுச் சீமையிலோ 1802ஆம் ஆண்டின் இரண்டாம் ரெகுலேஷன்படி தவணை 12 ஆண்டு. ஒரே தன்மையான கடன் நகரத்தில் காலாவதியாகி, சில மைல் தொலைவில் உயிரோடிருந்தது! 1859ஆம் ஆண்டின் சட்டம், 1862 முதல் நடைமுறைக்கு வந்து, இந்த வேற்றுமையை நீக்க வழி செய்தது. பின்னர் 1871, 1877, 1908 ஆகிய ஆண்டுகளில் சட்டம் திருத்தி எழுதப்பெற்றது. சட்டக் கமிஷன் 1956இல் அளித்த அறிக்கையை ஒட்டி 1963இல் இயற்றப்பெற்ற காலவரையறைச் சட்டமே, 1964 ஜனவரி 1 முதல் நம்மை ஆள்கிறது.

கேட்டபோது தருவதாக எழுதிய பிராமிசரி நோட்டுக்கு, எழுதிய நாளிலிருந்து 3 ஆண்டு. மானநஷ்ட வழக்குக்கு 1 ஆண்டு. பிறர் எதிரிடையாக அனுபவிக்கும் நிலத்தை மீட்க 12 ஆண்டு. அடமானத்தை மீட்க 30 ஆண்டு. இவை இச்சட்டத்தின் முக்கியத் தவணைகள். நிலத்தில் இன்னும் கடுமை உண்டு. தவணை கடந்தால் வழக்கு மட்டுமன்றி, உரிமையே அழிகிறது.

இவ்வரம்புகள் எதற்கு? சாட்சிகள் மறைவர், ஓலையும் தாளும் செல்லரிக்கும். பாட்டன் தீர்த்த கடனைப் பேரனிடம் மீண்டும் கேட்டால், ரசீதுக்கு அவன் எங்கே போவான்? ஆகவே வரம்பு ஏழைக்குக் காவல். ஆனால் தவணையை அறியாத ஏழைக்கு அதுவே பகை. அறியாமையைக் காரணம் காட்டிப் புது வழக்குத் தொடுக்க இச்சட்டம் இடந்தருவதில்லை.

எனினும் வழி அடைபடாமல் காக்க எளிய முறை உண்டு. தவணை முடியுமுன் கடன்பட்டவர் ஒரு சிறு தொகை செலுத்தி, நோட்டின் பின்புறம் வரவு எழுதிக் கையொப்பமிட்டால், அன்று முதல் புதுத் தவணை தொடங்கும். தவணை முடிந்த பின்னும், கடனைத் தருவதாக அவர் எழுதிக் கையொப்பமிட்டால், அவ்வாக்குறுதி செல்லும் என்கிறது 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம்.

மாணவர்களே, வீட்டுப் பெரியோர் ஒரு பத்திரத்தை நீட்டிப் படிக்கச் சொன்னால், தொகையைப் பார்க்குமுன் தேதியைப் பாருங்கள். கற்றவர் ஒருவர் இருந்தும் ஒரு குடும்பம் தன் நிலத்தை இழக்கலாகாது.