ஏணியின் உச்சிப்படி

பொதிகையிலே பிறந்த தாமிரபரணி கீழ்நோக்கிப் பாய்கிறது. படையில் ஆணையும் அப்படித்தான். மேலே பிறந்து கீழே பாயும். தளபதி சொல்வான், சுபேதார் கேட்பான். சுபேதார் சொல்வான், அவில்தார் கேட்பான். கடைசியில் சிப்பாய் உயிரைக் கொடுப்பான். இதிலே தவறில்லை. ஆணைக்கு அடங்காத கூட்டம் படையாகாது. நாம் கேட்க விரும்புவது வேறொரு கேள்வி. ஆணை மேலிருந்து கீழே வருகிறதே, ஆள் கீழிருந்து மேலே போக முடிகிறதா? ஏணியின் உச்சிப்படி திறமைக்குத் திறந்திருக்கிறதா, பிறப்பைக் காட்டிப் பூட்டப்பட்டிருக்கிறதா?

இந்தக் கேள்விக்கு உயிரையே விலையாகக் கொடுத்த ஒருவன் நெல்லைச் சீமையில் அதிகாரம் செலுத்தினான். இயற்பெயர் மருதநாயகம், இஸ்லாத்தைத் தழுவியபின் யூசுப்கான், மக்கள் வழங்கிய பெயர் கம்மந்தான் கான் சாகிப்.

இராமநாதபுரம் சீமைப் பனையூரிலே பிறந்தவன். பாளையமில்லை, பட்டயமில்லை, பரம்பரைப் பெருமையில்லை. கையிலே வாளும் நெஞ்சிலே துணிவுமே உடைமை. 1752-ல் கிளைவின் பக்கம் சேர்ந்தான். திருச்சியைச் சூழ்ந்து நடந்த போரில் ஆங்கிலப் படை உணவுக்குத் தவித்தபோது, பகைவர் வளைப்பைக் கடந்து உணவு வண்டிகளைக் கொண்டுவந்து சேர்த்தான். மேஜர் லாரன்சு அவன் திறமையைக் கண்டு வியந்தான். 1754-ல் கும்பெனியின் சிப்பாய்கள் அனைவருக்கும் அவனே கம்மந்தான்! தங்கப் பதக்கமும் கிடைத்தது. நம் நாட்டவன் ஒருவன் அந்தப் படையில் எட்டக்கூடிய உச்சிப்படி அது. ஆனால் அந்த உச்சிக்கு மேலும் படிகள் இருந்தன. அவை வெள்ளைத் தோலுக்கென்றே ஒதுக்கப்பட்ட படிகள்.

1755-ல் கர்னல் ஹெரான் நெல்லைச் சீமைக்கு வந்தான். நெற்கட்டுஞ்செவலில் பூலித்தேவனின் கோட்டையை முற்றுகையிட்டான். பிளக்க முடியாமல் திரும்பினான். பிறகு இராணுவ விசாரணையில் வேலையையும் இழந்தான். அதே கோட்டையை 1761-ல் வீழ்த்தியவன் கான் சாகிப். வெள்ளைக் கர்னலால் ஆகாதது கறுப்புக் கம்மந்தானால் ஆயிற்று என்று நாம் கூத்தாடவில்லை. வீழ்ந்தவனும் தமிழன், வீழ்த்தியவனும் தமிழன், வென்றவன் மட்டும் வெள்ளையன்! அந்த வேதனையை மறைத்து எழுதினால் அது வரலாறாகாது.

1759-ல் மதுரையும் திருநெல்வேலியும் ஆண்டுக்கு ஐந்து இலட்ச ரூபாய் குத்தகைக்கு அவனிடம் வந்தன. அங்கேதான் சிக்கல் முளைத்தது. தாமிரபரணிக் கரையின் நெல் விளைவு யாருக்கு? இந்தச் சீமை தன்னுடையது, கம்மந்தானும் தன் ஊழியனே என்றான் ஆர்க்காட்டு நவாபு முகமதலி. கும்பெனி தந்த பதவி, கும்பெனிக்கே கட்டுப்பட்டவன் என்றான் கான் சாகிப். ஓர் ஊழியனுக்கு இரண்டு எசமானர்! சென்னையிலிருந்த கும்பெனியார் என்ன செய்தனர்? பத்தாண்டுக்கால உழைப்பை மறந்து நவாபின் பக்கம் சாய்ந்தனர். 1763-ல் ஏற்பட்ட பாரிசு உடன்படிக்கையும் முகமதலியையே நவாபாக ஒப்புக்கொண்டது.

கம்மந்தான் பணியவில்லை. மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினான். தன்னைப் பயிற்றிய படையையே எதிர்த்தான். 1763-ல் நடந்த முற்றுகை தோற்றது. 1764-ல் மேஜர் காம்பெல் மீண்டும் கோட்டையை வளைத்தான். உள்ளே பசி. பீரங்கி சாதிக்காததைத் துரோகம் சாதித்தது. அவனுடைய திவான் சீனிவாசராவும் பிரெஞ்சுக்காரன் மார்ஷானும் சேர்ந்து, அக்டோபர் 13-ல், தொழுகையில் இருந்தவனைப் பிடித்துக் கட்டினர். 15-ஆம் நாள் தூக்குக் கயிறு. உடலைத் துண்டாக்கிப் பல ஊர்களுக்கு அனுப்பினர். செத்தவனிடமும் அத்தனை அச்சம்!

அதன்பின் கும்பெனி பாடம் கற்றது. திறமைக்கு மதிப்புக் கொடு என்ற பாடமல்ல. திறமையுள்ளவனை உயரவிடாதே என்ற பாடம்! 1796-ல் நடந்த சீரமைப்பில் வெள்ளை அதிகாரிகள் பட்டாளந்தோறும் பெருகினர். முடி நரைத்த சுபேதார், மீசை முளைக்காத ஆங்கில இளைஞனுக்குச் சலாம் போட்டான். 1799-ல் பாளையங்கோட்டையிலிருந்து பாஞ்சாலங்குறிச்சிக்குப் புறப்பட்ட படையிலும் நம் நாட்டுச் சிப்பாய்கள் இருந்தனர். ஆணையிட்டவன் மேஜர் பானர்மன்.

பின்னர் ஒரு புதிய சாத்திரமும் பிறந்தது. சில இனங்களே வீர இனங்கள், தென்னாட்டார் போருக்கு ஆகாதவர் என்றனர். 1885 முதல் 1893 வரை இந்தியப் படையின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்சு இக்கொள்கையின் பெரும் பரப்புநர். தென்னாட்டில் ஆள் சேர்ப்பது குறைந்தது. தங்களுக்கு இந்நாட்டைப் பிடித்துக் கொடுத்தவரையே கோழையர் என்றனர்! மனு வகுத்த வருணம் போதாதென்று வெள்ளையனும் ஒரு வருணம் வகுத்தான். பிறப்பைக் கொண்டு அறிவை அளப்பது அக்கிரகாரத்து மடமை. பிறப்பைக் கொண்டு வீரத்தை அளப்பது பாசறை மடமை. இரண்டும் ஒரே நஞ்சு!

பூட்டு மெல்லத்தான் திறந்தது. 1918-ல் சாந்தர்ஸ்டு பள்ளியில் இந்தியருக்கு ஆண்டுக்குப் பத்து இடம். 1932-ல் டேராடூனில் பயிற்சிக் கழகம். 1949 சனவரி 15-ல் கரியப்பா தலைமைத் தளபதியானார். இந்தியர் ஒருவர் அந்தப் படியில் ஏறியது அதுவே முதல்முறை. கம்மந்தான் தூக்கிலேறி 184 ஆண்டுகள் கடந்திருந்தன! 1966-ல் தமிழகத்துக் குமாரமங்கலம் தரைப்படைத் தலைவரானார். மகிழ்ந்தோம். ஆனால் அவர் ஜமீன்தார் வீட்டுப் பிள்ளை, ஒரு காலத்தில் சென்னை மாகாண முதலமைச்சராய் இருந்த சுப்பராயனின் மகன் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இரண்டு எசமானர் சிக்கலுக்கும் இன்று விடை உண்டு. அரசியல் சட்டத்தின் 53-ஆம் பிரிவு முப்படைகளின் உச்சத் தலைமையைக் குடியரசுத் தலைவரிடம் வைக்கிறது. அதை நடத்தும் முறையைச் சட்டம் வகுக்கிறது. 2020 முதல் முப்படைகளுக்கும் பொதுத் தலைமைத் தளபதி என்ற பதவியும் இருக்கிறது. எத்தனை விண்மீன்களைத் தோளில் அணிந்தாலும், தளபதி மக்கள் தேர்ந்த ஆட்சிக்குக் கட்டுப்பட்டவர். அந்த ஆணைக்கு அடங்குவது அடிமைத்தனமல்ல.

ஆனால் சட்டத்திலே பூட்டு இல்லை என்பதால் வீட்டிலேயும் நெஞ்சிலேயும் பூட்டு இல்லை என்று ஆகிவிடாது. 2022 முதல் தேசியப் பாதுகாப்புக் கழகத்தில் பெண்களும் பயில்கிறார்கள். அம்பாசமுத்திரத்து வயலில் நாற்று நடுபவரின் மகள் அந்தத் தேர்வை எழுத எண்ணினால், 'நம் சாதிக்கு ஏன் இது? பெண்ணுக்கு ஏன் இது?' என்று கேட்பவர் யார்? ராபர்ட்சு அல்ல, நவாபு அல்ல, நாம்தாம்!

இளைஞர்களே! மதுரையில் கான் சாகிப் பெயரால் ஒரு தெரு இருக்கிறது. சம்மட்டிபுரத்தில் அவன் கல்லறை இருக்கிறது. அங்கே மாலை போடுவது எளிது. ஏணியில் ஏற வருகிற பிள்ளையின் சாதியைக் கேட்காதிருப்பதே அரிது. அந்த அரிய வேலையை மேற்கொள்வோம்.