அக்கி: வலி எங்கிருந்து வருகிறது?

அக்கி என்றாலே தோல் நோய் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டில் குயவரிடம் போய்ச் செங்காவியால் 'அக்கி எழுதிக்கொள்ளும்' வழக்கம் உண்டு. கொப்புளம் என்னவோ தோலில்தான், ஆனால் கோளாறு நரம்பில்!

1860களிலேயே ஜெர்மானிய மருத்துவர் பேரன்ஸ்ப்ருங் இதைச் சுட்டிக்காட்டியிருந்தார். 1900-ல் இங்கிலாந்தின் ஹென்றி ஹெட்டும் காம்ப்பெல்லும் அக்கி கண்டு பின்னர் இறந்த 21 பேரின் உடல்களை ஆராய்ந்தார்கள். கொப்புளம் வந்த பட்டைக்கு நேராக, முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சு சிதைந்து கிடந்தது. வலி ஒரு பக்கம் மட்டும், பாதி பெல்ட் கட்டியது போல் வருவது இதனால்தான். எந்த நரம்பு எந்தத் தோலுக்கு என்ற வரைபடத்தையே இந்த நோயாளிகளை வைத்து ஹெட் வரைந்தார். (வலியை அறிய 1903-ல் தன் கை நரம்பையே வெட்டச் சொன்ன ஆசாமி அவர்!)

சிறுவயதில் வந்த சின்னம்மையின் வைரஸே நரம்பில் ஒளிந்திருந்து பிறகு கிளம்புகிறது என்று 1965-ல் விளக்கியவர் ஹோப்-சிம்ப்சன். ஆய்வுக்கூடம் இல்லை, 16 வருட கிளினிக் குறிப்புகள்தான்.

நரம்பு கெட்டதால் புண் ஆறியும் சிலருக்கு மாதக்கணக்கில் வலி நிற்கும். சட்டை உரசினாலே எரியும். வலிப்பு நோய்க்கு வந்த காபாபென்டின் மாத்திரைக்கு 2002-ல் அமெரிக்காவில் இந்த வலிக்கும் அனுமதி கிடைத்தது. அசைக்ளோவிர் போன்ற வைரஸ் மருந்தையோ கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. காவி காயக் காத்திருப்பதும் அந்த மூன்று நாட்களில்தான்.